ஆறு மாதமாகத் தீராத ட்யூப்: குழந்தையின் கரப்பான் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே கன்னம் சிவந்து நீர் வடியும். இப்போது முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்பக்கமும் தோல் தடித்துக் கறுத்துவிட்டது. ராத்திரி முழுக்கச் சொறிகிறான், தூக்கமே இல்லை. தோல் டாக்டர் அடோபிக் டெர்மடைட்டிஸ், அதாவது கரப்பான் என்று சொல்லி மொமெட்டசோன் ஆயின்மென்ட் எழுதிக்கொடுத்தார். ஸ்டீராய்டு என்பதால் பயந்து பயந்து லேசாகத்தான் தடவுகிறேன். பத்து கிராம் ட்யூப் ஒன்று ஆறு மாதமாக ஓடுகிறது. போட்டால் நாலு நாளில் குறையும், விட்டால் பத்து நாளில் திரும்ப வரும். ‘கரப்பான் பண்டம் ஆகாது’ என்று மாமியார் முட்டை, மீன், கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். இது எப்போதுதான் குணமாகும்? ஐந்து வயதுத் தடுப்பூசியைத் தள்ளிப்போடலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி அந்த ட்யூப் பற்றியதுதான். பத்து கிராம் ஆறு மாதம் வருகிறது என்றால், மருந்து பலிக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. மருந்து இன்னும் சரியாகப் போடப்படவே இல்லை.

கணக்குப் பார்ப்போம். உங்கள் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ஒரு கோடாக ஆயின்மென்டைப் பிதுக்குங்கள். அது ஏறக்குறைய அரை கிராம். பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, எவ்வளவு இடமோ அவ்வளவு இடத்துக்கு அது போதும். நான்கு வயதுக் குழந்தையின் இரண்டு முழங்கை மடிப்பும் இரண்டு முழங்கால் மடிப்பும் சேர்ந்தால் கிட்டத்தட்ட அந்த அளவுதான் வரும். ஆக, ஒரு வேளைக்கு ஒரு விரல்நுனி. தினம் ஒரு வேளை போட்டாலே பத்து கிராம் ட்யூப் இருபது நாளில் காலியாக வேண்டும். (நம் ஊர்ச் சின்ன ட்யூப்களின் வாய் குறுகலாக இருப்பதால் கோடு மெல்லிசாக விழும், கொஞ்சம் கூடுதலாகவே எடுக்கலாம்.)

இன்னொரு தவறு, நாலாம் நாள் நிறுத்துவது. சிவப்பு குறைந்ததும் சரியாகிவிட்டதாகத் தோன்றும். கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்போ தடிப்போ கைக்குத் தட்டுப்பட்டால் உள்ளே அழற்சி இன்னும் அடங்கவில்லை. பக்கத்துத் தோலைப்போல வழவழப்பாகும் வரை தினமும் போட வேண்டும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் ஆகும். மூன்று வாரத்தைத் தாண்டினால் டாக்டரைப் பாருங்கள். அடங்கிய பிறகும் அடிக்கடி வருகிற இடங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் போட்டு வரும் முறை உண்டு. உங்கள் மகனுக்கு அது பொருந்தும் என்றே நினைக்கிறேன், டாக்டரிடம் கேளுங்கள். நிறம் மட்டும் உடனே மாறாது; அந்தக் கறுப்பு தேய மாதங்கள் ஆகும், அதற்காக ஆயின்மென்டை நீட்டிக்க வேண்டாம்.

ஸ்டீராய்டு பயம் வெறும் கற்பனை இல்லை. தோல் மெலிவதும் ரத்தநாளம் தெரிவதும் உண்மையிலேயே நடக்கிற பக்கவிளைவுகள்தான். ஆனால் வீரியம் அதிகமான மருந்தை மாதக்கணக்கில், அதிலும் முகத்திலும் தொடை இடுக்கிலும் விடாமல் தடவியவர்களுக்குத்தான் அது பெரும்பாலும் வருகிறது. நான் உண்மையில் பயப்படுவது மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் கேட்டதும் எடுத்துக்கொடுக்கும் க்ரீமைப் பார்த்துத்தான். குளோபெட்டசால், பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று என மூன்றையும் ஒரே ட்யூப்பில் கலந்திருப்பார்கள். குளோபெட்டசால் இருப்பதிலேயே அதிக வீரியமுள்ள ஸ்டீராய்டு. டாக்டர் எழுதிய மொமெட்டசோனுக்கு நடுங்கும் வீட்டில் இந்த ட்யூப் எந்தக் கேள்வியும் இல்லாமல் அலமாரியில் இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். முகத்துக்கு மொமெட்டசோனும் வேண்டாம். அங்கே 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோனோ, ஸ்டீராய்டே இல்லாத 0.03 சதவீத டாக்ரோலிமஸோ எழுதித் தருவார்கள். டாக்ரோலிமஸ் முதல் சில நாள் எரியும், பிறகு பழகிவிடும்.

இது ஏன் வருகிறது? தோலின் மேலடுக்கை இறுக்கமாக வைத்திருக்க ஃபிலாக்ரின் என்ற புரதம் வேண்டும். அதை உண்டாக்கும் மரபணுவில் குறை இருப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று 2006இல் கண்டுபிடித்தார்கள். கரப்பான் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அந்தக் குறை இருப்பதில்லை. ஆனால் அவர்கள் எல்லோருக்குமே தோலின் ஈரம் வெளியே போகிறது, வெளியில் உள்ளவை உள்ளே நுழைகின்றன, எதிர்ப்புச் சக்தி தேவைக்கு மேல் சீறுகிறது. அரிப்பு, சொறிந்தால் தோல் இன்னும் உடைகிறது, மறுபடி அரிப்பு. வீட்டில் யாருக்காவது இழுப்போ காலைத் தும்மலோ இருக்கிறதா? பெரும்பாலும் இருக்கும்.

அதனால் மாய்ஸ்சரைசர்தான் அன்றாட மருந்து, அதிலும் கஞ்சத்தனம் கூடாது. வாரத்துக்கு 100 கிராமாவது செலவாக வேண்டும், உடம்பு முழுக்க வறட்சி என்றால் 200க்கு மேல். விலை உயர்ந்த செராமைடு க்ரீம்தான் வேண்டும் என்றில்லை. வாசனை சேர்க்காத லிக்விட் பாரஃபின், வெள்ளை பாரஃபின் சேர்ந்த சாதாரண க்ரீமே போதும். பத்து நிமிடத்துக்குள் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, ஒற்றித் துடைத்து, ஈரம் காயும் முன் தடவுங்கள். ஸ்டீராய்டுக்கும் இதற்கும் கால் மணி நேரம் இடைவெளி விட்டால் சரி. மதுரை வெயிலுக்குக் கெட்டியான களிம்பு வியர்வையை அடைத்து அரிப்பைக் கூட்டும், அப்போது லோஷனுக்கு மாறுங்கள். தேங்காய் எண்ணெய் அவனுக்கு ஒத்துக்கொண்டால் தாராளமாகத் தடவலாம். கடுகெண்ணெய், ஆலிவ் எண்ணெய் வேண்டாம்.

கடலைமாவு, பயத்தமாவு தேய்ப்பதையும் விட்டுவிடுங்கள். உலர்த்துவது ஒரு காரணம். உடைந்த தோல் வழியாக உணவுப் புரதம் நுழைந்தால் அந்த உணவுக்கே அலர்ஜி உண்டாகலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த முகச்சோப்பைத் தேய்த்து வந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கோதுமை சாப்பிட்டாலே ஆகாமல் போனது. 2011இல் அந்தச் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள்.

இப்போது மாமியாரின் பட்டியலுக்கு வருகிறேன். முட்டையோ மீனோ சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி ஏதாவது வந்திருக்கிறதா? வந்திருந்தால் அதை வீட்டில் கொடுத்துப் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள். அப்படி எதுவும் வந்ததே இல்லை என்றால் நிறுத்த வேண்டியதில்லை. ரத்தத்தில் ஐ.ஜி.இ. (அலர்ஜியோடு தொடர்புள்ள எதிர்ப்பொருள்) பார்த்து ‘பாசிட்டிவ்’ என்றெல்லாம் சொல்வார்கள். நன்றாகச் சாப்பிடுகிற குழந்தைக்கும் அப்படி வரும். தவிர, ஒத்துக்கொண்டிருந்த உணவை நெடுநாள் நிறுத்தினால் மறுபடி கொடுக்கும்போது நிஜமான அலர்ஜி கிளம்பும் ஆபத்து உண்டு. உங்கள் வீட்டில் எவ்வளவு காலமாக நிறுத்தியிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பல மாதங்கள் என்றால், முட்டையை மறுபடி தொடங்குவதை டாக்டரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். கத்தரிக்காயைப் பற்றி மாமியாரோடு சண்டை போடாதீர்கள். அது இல்லாமலும் பிள்ளை வளர்வான், முட்டையும் மீனும் அப்படியில்லை.

ராத்திரி அரிப்புக்குத் தூக்கம் வரவைக்கும் சிரப் தோலை ஆற்றாது. முற்றிய சில நாட்களுக்கு வேண்டுமானால் உதவும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், மெல்லிய பருத்திச் சட்டை போடுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் ராத்திரியில் அரிக்கிறதா, விரல் இடுக்கில் பொரி இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். இருந்தால் அது சிரங்காகவும் இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு.

தேன் நிறத்தில் பொருக்கு கட்டி நீர் வடிந்தால் கிருமித் தொற்று, ஓரிரு நாளில் காட்டுங்கள். ஒரே அளவில் குழி குழியான சிறு புண்கள் திடீரென்று பரவி, வலியும் காய்ச்சலும் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஹெர்ப்பிஸ் வைரஸ் கரப்பான் மேல் பரவினால் அப்படித்தான் இருக்கும். உதட்டில் அக்கி மாதிரிக் கொப்புளம் உள்ளவர்கள் அவனைக் கொஞ்ச வேண்டாம்.

முழுசாகக் குணமாகும் தேதியை யாராலும் சொல்ல முடியாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர அடங்கும், வறண்ட தோல் மட்டும் தங்கும். அளவாகவும் ஒழுங்காகவும் போட்டும் கேட்காதவர்களுக்கு இன்று எதிர்ப்புச் சக்தியின் சீற்றத்தை அடக்கும் டூபிலுமாப் ஊசி வரை வந்துவிட்டது. உங்கள் மகனுக்கு அந்தப் பேச்சை இப்போது எடுக்கவே வேண்டாம், ஒரு ட்யூப்பை முதலில் ஒழுங்காகத் தீர்த்துப் பார்ப்போம்.

தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். ஐந்து வயது டி.பி.டி. பூஸ்டரை உரிய நாளில் போடலாம். ஊசி போடும் இடத்தில் புண் இருந்தால், நல்ல தோல் உள்ள மறு கையில் போடச் சொல்லுங்கள்.