சுங்கத்தில் விலையை ஏற்றிவிட்டார்கள்: சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கோவையில் சிறிய அளவில் பம்ப் தயாரிக்கிறோம். சீனாவிலிருந்து மெக்கானிக்கல் சீல்களை (பம்பின் சுழலும் தண்டில் கசிவைத் தடுக்கும் பாகம்) இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சென்னைத் துறைமுகம் வழியாக வரவழைக்கிறோம். இந்த முறை சரக்கின் மதிப்பு, கப்பல் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து 20 லட்சம் ரூபாய். அடிப்படைச் சுங்க வரி 7.5 சதவீதம், ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம். "இதே பொருளை மற்றவர்கள் கூடுதல் விலைக்கு இறக்கியிருக்கிறார்கள்" என்று சொல்லி மதிப்பை 28 லட்சமாக ஏற்றப் போகிறார்களாம். ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இன்றே சரக்கை எடுத்துவிடலாம், பிறகு வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் கிளியரிங் ஏஜென்ட். கன்டெய்னர் கிடங்கான சி.எப்.எஸ்.ஸில் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: சரக்கை இன்றே எடுங்கள், பணத்தையும் கட்டுங்கள். அந்தக் கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்துப் போட்ட பிறகு வழக்குக்கு ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது.

காரணம் சுங்கச் சட்டம், 1962-இன் 17(5) பிரிவில் இருக்கிறது. நீங்கள் பில் ஆஃப் என்ட்ரியில் (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதி அறிவிப்பு) காட்டிய மதிப்புக்கு மாறாக அதிகாரி மறுமதிப்பீடு செய்தால், 15 நாளுக்குள் காரணங்களை விளக்கி எழுத்துமூலம் உத்தரவு போட வேண்டும். ஸ்பீக்கிங் ஆர்டர் என்கிறோமே, அதுதான். இந்தக் கடமைக்கு ஒரே ஒரு விலக்கு, இறக்குமதியாளரே எழுத்தில் சம்மதித்துவிட்ட நேர்வு. ஏஜென்ட் நீட்டும் கடிதத்தைப் படித்துப் பாருங்கள். "துறை நிர்ணயித்த மதிப்பை ஏற்கிறோம், நேர்முக விசாரணையோ நோட்டீஸோ ஸ்பீக்கிங் ஆர்டரோ தேவையில்லை" என்கிற மாதிரி இரண்டு வரி இருக்கும். அந்த விலக்குக்கென்றே எழுதப்பட்ட வரிகள் அவை. பின்னால் மேல்முறையீட்டுக்குப் போனால், "நீங்களே ஒப்புக்கொண்ட மதிப்பை நாங்கள் ஏன் நிரூபிக்க வேண்டும்?" என்று துறை கேட்கும். சுங்கத் தீர்ப்பாயத்தில் இறக்குமதியாளர்கள் இந்த ஒரு காரணத்தாலேயே தோற்ற வழக்குகள் உண்டு.

முதலில் கணக்கைப் பாருங்கள். 20 லட்சத்துக்குச் சுங்க வரி 1,50,000. அதன் மேல் 10 சதவீதம் சமூக நல மேல்வரி 15,000. இவற்றையும் சேர்த்த 21,65,000-க்கு ஐ.ஜி.எஸ்.டி. 3,89,700. ஆக 5,54,700. மதிப்பு 28 லட்சமானால் 2,10,000 + 21,000 + 5,45,580 = 7,76,580. கூடுதலாகக் கட்ட வேண்டியது 2,21,880. இதில் 1,55,880 ஐ.ஜி.எஸ்.டி.; அதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, பம்ப் விற்கும்போது கட்டும் ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்வீர்கள். கையை விட்டுப் போவது 66,000 மட்டுமே. இந்தத் தொகைக்காகச் சரக்கை மூன்று வாரம் சி.எப்.எஸ்.ஸில் கிடத்தினால், டெமரேஜும் கப்பல் நிறுவனத்தின் கன்டெய்னர் டிடென்ஷனும் (கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்பித் தருவதற்கான கட்டணம்) சேர்ந்து அதைத் தாண்டிவிடும். அதிகாரி முறைப்படி தடுத்து வைத்து அதற்குச் சான்றும் கொடுத்தால் டெமரேஜ் தள்ளுபடி கேட்க விதி இடம் தருகிறது. மதிப்பீட்டுக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த நாட்களுக்கு அது கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

66,000-தானே, விட்டுவிடலாமே என்று தோன்றும். ஒரே ஒரு முறை இறக்குமதி செய்கிறவர் என்றால் நானும் அதையே சொல்வேன். நீங்கள் ஆண்டுக்கு ஆறு முறை இறக்குகிறீர்கள். இன்று ஒப்புக்கொண்ட விலை துறையின் தரவுத் தளத்தில் ஏறும். அடுத்த சரக்குக்கு உங்கள் விலையையே உங்களுக்கு எதிராக எடுத்து நீட்டுவார்கள். பழைய பில்களுக்கும் ஆபத்து உண்டு. 28-ஆம் பிரிவின்படி சாதாரணமாக 2 ஆண்டு, மறைப்பு என்று குற்றம் சாட்டினால் 5 ஆண்டு வரை பின்னோக்கிப் போய் வரி கேட்கலாம். மறைத்ததாக முடிவானால் 114ஏ பிரிவில் வரிக்குச் சமமான அபராதமும் வரும். "முந்தைய விலையும் குறைவுதான்" என்று சொல்ல உங்கள் சம்மதக் கடிதமே அவர்களுக்குச் சாட்சியாகிவிடும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. மறுமதிப்பீடு முடிந்து பில் திரும்பி வந்ததும் அடுத்த வேலை நாளுக்குள் வரியைக் கட்டுங்கள். தவறினால் 15 சதவீத வட்டி ஓடும். கட்டுகிற அன்றே லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கொடுங்கள்: "பில் ஆஃப் என்ட்ரி எண் இன்னது, தேதி இன்னது. மறுமதிப்பீட்டை நாங்கள் ஏற்கவில்லை. சரக்கு அவசரமாகத் தேவைப்படுவதால் கூடுதல் வரியை ஆட்சேபத்துடன் கட்டுகிறோம். 17(5) பிரிவின்படி ஸ்பீக்கிங் ஆர்டர் வேண்டும். மதிப்பீட்டு விதி 12(2)-இன்படி சந்தேகத்துக்கான காரணங்களையும் ஒப்பீட்டுக்கு எடுத்த பில்களின் விவரங்களையும் எழுத்தில் தர வேண்டும்." இதை இ-சஞ்சித்தில் (சுங்கத் துறையின் ஆவணப் பதிவேற்ற இணைய வசதி) பதிவேற்றி, அச்சுப் பிரதியைச் சுங்க இல்லத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். ஏஜென்ட்டிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. உங்கள் பெயரில் அவர் எதுவும் எழுதிக் கொடுக்கக் கூடாது என்று அவருக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டு வையுங்கள். நல்ல ஏஜென்ட்டுகளே அவசரத்தில் அந்தக் கடிதத்தைப் பதிவேற்றிவிட்டு மறுநாள் தகவல் சொல்வதுண்டு.

இனி மதிப்பு விவகாரம். 14-ஆம் பிரிவின்படி, வாங்குபவரும் விற்பவரும் உறவுடையவர்களாக இல்லாமல், விலை மட்டுமே பேரத்தின் அடிப்படையாக இருந்தால், உண்மையில் கொடுத்த விலைதான் மதிப்பு. அதைத் தள்ளிவிட அதிகாரிக்கு 2007-ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகளின் 12-ஆவது விதி வழி தருகிறது, ஆனால் நியாயமான சந்தேகம் வேண்டும், அதற்குக் காரணமும் வேண்டும். தரவுத் தளத்தில் இருக்கும் விலையையோ துறையின் விலை எச்சரிக்கையையோ காட்டி இயந்திரத்தனமாக விலையைத் தள்ள முடியாது என்று 2019-இல் செஞ்சுரி மெட்டல் ரீசைக்ளிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பழைய அலுமினியத் துண்டு இறக்குமதி பற்றிய வழக்கு அது. உங்கள் மேல்முறையீட்டின் முதல் பக்கத்திலேயே அது வரட்டும்.

உங்கள் பொருளில் துறையின் ஒப்பீடு எங்கே வழுக்கும் என்று பாருங்கள். தரவுத் தளத்தில் "மெக்கானிக்கல் சீல், எண்ணிக்கை இவ்வளவு, விலை இவ்வளவு" என்றுதான் பெரும்பாலும் இருக்கும். 12 மி.மீ. ஷாஃப்ட்டுக்கான கார்பன்–செராமிக் சீலும் 50 மி.மீ. சிலிக்கான் கார்பைடு சீலும் அங்கே ஒரே பெயரில் நிற்கும். ரப்பர் பாகம் நைட்ரைலா விட்டானா என்பதிலேயே விலை மாறிவிடும். ஒருவர் 200 சீல் வாங்கிய விலையை 20,000 சீல் வாங்குபவர் மேல் சுமத்தவும் கூடாது. அதே வணிக நிலையில், ஏறக்குறைய அதே அளவில், அதே காலகட்டத்தில் நடந்த இறக்குமதியையே 4, 5 விதிகள் கேட்கின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட விலைகள் கிடைத்தால் அவற்றுள் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். ஒப்பீட்டுக்கு எடுத்த விலை இறக்குமதியாளர் தானே காட்டியதா, அல்லது அதுவும் இப்படி ஏற்றப்பட்டதா என்பதையும் தவறாமல் கேளுங்கள். ஏற்றிய விலையை வைத்து இன்னொருவருக்கு ஏற்றுவது வழக்கில் நிற்பது கடினம்.

உங்கள் பக்கத்தில் ஒரு குறை இருக்கக்கூடும். இன்வாய்ஸில் வெறும் "பம்ப் சீல்" என்று எழுதியிருந்தால், தரமும் விவரக்குறிப்பும் சொல்லப்படவில்லை என்பதையே சந்தேகத்துக்குக் காரணமாகக் காட்ட விதி 12 அனுமதிக்கிறது. அடுத்த சரக்கிலிருந்து ஷாஃப்ட் விட்டம், முகப்புப் பொருள், ரப்பர் வகை, மாடல் எண் ஆகியவை இன்வாய்ஸிலும் பில்லிலும் வரிக்கு வரி இருக்கட்டும். இந்தச் சரக்குக்குக் கொள்முதல் ஆணை, பேரம் பேசிய மின்னஞ்சல்கள், புரோபார்மா இன்வாய்ஸ், வங்கியின் ஸ்விப்ட் நகல், விற்பவரின் விலைப்பட்டியல், அவர் சீனச் சுங்கத்தில் தாக்கல் செய்த ஏற்றுமதி அறிவிப்பின் நகல் ஆகியவற்றைச் சேருங்கள். கடைசியாகச் சொன்னதைத் தர விற்பவர்கள் தயங்குவார்கள். அங்கே காட்டிய விலை இன்வாய்ஸோடு பொருந்தினால் அதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது; பொருந்தாவிட்டால் வழக்குப் போடும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

18-ஆம் பிரிவில் தற்காலிக மதிப்பீடு கேட்டு, பத்திரமும் பிணையும் கொடுத்து எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தொகை பெரிதென்றால் நல்ல வழிதான். 2025 நிதிச் சட்டம் அதை முடிக்க 2 ஆண்டு, நீட்டித்தால் மேலும் 1 ஆண்டு என்று வரம்பும் வைத்திருக்கிறது. உங்கள் தொகைக்கு வங்கி உத்தரவாதத்தை அத்தனை காலம் முடக்கி வைப்பது வீண் செலவு.

வரியைக் கட்டிவிட்டு நேரே 27-ஆம் பிரிவில் ரீபண்ட் கேட்டு மனுப் போடாதீர்கள். மதிப்பீட்டு உத்தரவு மாறாமல் ரீபண்ட் கிடைக்காது என்று 2019-இல் ஐ.டி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. முதலில் 128-ஆம் பிரிவின் மேல்முறையீடு. பில்லைப் பார்த்த அதிகாரி முகமறியா மதிப்பீட்டு முறையில் வேறு ஊரில் இருந்தாலும், மேல்முறையீடு சென்னையின் சுங்க ஆணையர் (மேல்முறையீடு) முன்தான். சர்ச்சைக்குரிய வரியில் 7.5 சதவீதம் முன்வைப்பாகக் காட்ட வேண்டும்; நீங்கள் முழுவதுமே கட்டிவிட்டதால் புதிதாக எதுவும் தேவையில்லை. அங்கே தோற்றால் உத்தரவு கிடைத்த 3 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம்.

வென்றாலும் திரும்பி வருவது அந்த 66,000-தான். வரவாக எடுத்த ஐ.ஜி.எஸ்.டி.யை மறுபடியும் கேட்க முடியாது. அந்த 66,000-ஐயும் பம்ப் விலையில் ஏற்றி வாடிக்கையாளரிடம் வாங்கிவிட்டீர்கள் என்று துறை வாதிட்டால் பணம் நுகர்வோர் நல நிதிக்குப் போய்விடும். ஆகையால் இந்த மாதமே கணக்குப் புத்தகத்தில் அதைச் செலவாக எழுதாமல், "சுங்கத் துறையிடமிருந்து வர வேண்டியது" என்று சொத்துப் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். ஆடிட்டர் சான்றிதழ் பின்னால் இதை வைத்துத்தான் எழுதப்படும்.

ஆணையரிடம் மேல்முறையீடு செய்யக் காலக்கெடு 60 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 30 நாள் வரை ஆணையர் மன்னிக்கலாம். அதற்கு மேல் ஒரு நாளைக்கூட மன்னிக்க அவருக்கு அதிகாரமில்லை. 15 நாளுக்குள் ஸ்பீக்கிங் ஆர்டர் வராமல் போவது சகஜம். வரும் வரும் என்று காத்திருக்காமல், மறுமதிப்பீடு செய்த பில் கைக்கு வந்த தேதியிலிருந்தே 60 நாளை எண்ணி, ஆர்டர் வராவிட்டால் அந்தப் பில்லையே எதிர்த்து சி.ஏ.-1 படிவத்தில் மேல்முறையீட்டைத் தாக்கல் செய்துவிடுங்கள்.