வாசகர் கேள்வி பதில்: கதை சொல்லும் லே, பாடும் லே

கேள்வி: இடைக்கால பிரெஞ்சு இலக்கியத்தில் 'லே' என்பதை ஓரிடத்தில் கதைக்கவிதை என்கிறார்கள், இன்னோரிடத்தில் இசைப்பாட்டு என்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரிதான், ஒரே பெயரில் இரண்டு வடிவங்கள் இருந்தன. கதை சொல்லும் லே என்றாலே 12ஆம் நூற்றாண்டின் பெண் கவிஞர் மாரி தெ பிரான்ஸ்தான். பிரான்ஸின் வடமேற்கு மூலையான பிரெத்தானியைச் சேர்ந்தவர்கள் பாடி வைத்த கதைகள் மறந்துபோகக் கூடாது என்று, பல இரவு கண்விழித்து எழுதியதாக முன்னுரையில் அவரே சொல்கிறார். அவருடையவை என்று 12 லேக்கள் கிடைத்திருக்கின்றன. வரிக்கு 8 அசை (நேர், நிரை என்று பார்க்காமல் உயிரொலிக்கு ஒன்றாக எண்ண வேண்டும்), இரண்டிரண்டு வரிக்கு ஓர் இயைபு, அவ்வளவுதான் யாப்பு.

ஆனால் அதற்குள் அவர் செய்வது சாதாரணமில்லை. 'லாஸ்திக்' என்ற லேயின் கதை பிரெத்தானியில் உள்ள சான் மாலோ ஊர்ப் பக்கம் நடக்கிறது. பக்கத்து வீட்டு வீரனைக் காதலிக்கும் மனைவி இரவெல்லாம் ஜன்னலருகே நிற்கிறாள், ஏன் என்று கணவன் கேட்டால் இராப்பாடிப் பறவை பாடுவதைக் கேட்கிறேன் என்கிறாள். அவன் அந்தப் பறவையைப் பிடித்து, அவள் கண்முன்னே கழுத்தை முறித்து அவள் மேலேயே வீசுகிறான். அவள் அதைப் பட்டில் சுற்றிக் காதலனுக்கு அனுப்ப, அவன் அதைப் பொற்பேழையில் வைத்துக் கடைசிவரை கூடவே கொண்டு திரிகிறான். இவ்வளவும் 160 வரியில் முடிந்துவிடுகிறது! யாரையும் திட்டாமல், யாருக்காகவும் அழாமல் சொல்லிக்கொண்டே போகிறார், அந்த அடக்கத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

பாடும் லே வேறு. அதன் உச்சம் 14ஆம் நூற்றாண்டின் குயோம் தெ மஷோ, கவிஞரும் அவரே, இசையமைப்பாளரும் அவரே. அவருடைய லேக்களில் பெரும்பாலும் 12 பகுதிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி யாப்பு, தனி மெட்டு, கடைசிப் பகுதி மட்டும் முதல் பகுதியின் அமைப்புக்குத் திரும்பும். பல்லவி போலத் திரும்பிவரும் வரியும் கிடையாது, அதனால் எழுதுவதற்கு ரொம்பக் கடினமான வடிவம் இது.

கேள்வி: எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

பதில்: மாரியிடமிருந்து. முதலில் 'லாஸ்திக்', அப்புறம் ஓநாயாக மாறும் பிரபுவின் கதையான 'பிஸ்க்லவ்ரே'. 'எலிதுக்' 1,000 வரிக்கு மேல் போகும், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மஷோவை மட்டும் தாளில் படிக்காதீர்கள், யாராவது பாடிய பதிவைத் தேடிக் கேளுங்கள்.