பட்டி நாய்க்குத் தடுப்பூசி எப்போது?

கேள்வி: பென்னாகரம் அருகே மானாவாரி நிலத்தில் 20 ஆடுகள் வளர்க்கிறேன். பட்டிக் காவலுக்கு 4 வயது நாட்டு நாய் ஒன்றும் 2 மாதக் குட்டி ஒன்றும் இருக்கின்றன. பெரிய நாய்க்கு 3 ஆண்டுகளுக்கு முன் முகாமில் வெறிநோய் ஊசி போட்டோம். ஆட்டுக்கொல்லி நோய்க்கான ஊசியைப் போல அதுவும் 3 ஆண்டு தாங்கும் என்று இருந்துவிட்டேன். மறுபடி எப்போது போட வேண்டும்?

பதில்: இந்த வாரமே போடுங்கள், ஐயா. உங்கள் கணக்கு ஆட்டுக்குச் சரி, நாய்க்குச் சரியில்லை. வெறிநோய் ஊசியை நம் பகுதியில் ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் போட்டாக வேண்டும். இரவில் காட்டோரம் நரியையும் தெருநாயையும் எதிர்த்து நிற்பது உங்கள் நாய்தான். கடிபட்டால் அதன் எச்சில் வழியே நோய் ஆட்டுக்கும் வரும், வீட்டுப் பிள்ளைக்கும் வரும். அறிகுறி தெரிந்த பிறகு இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. நாட்டு நாய் எதையும் தாங்கும் என்று சொல்வார்கள். வெறிநோய்க்கு அந்தப் பேச்சு செல்லாது.

குட்டியின் கணக்கு வேறு. பார்வோ என்னும் இரத்தக் கழிச்சல், டிஸ்டெம்பர் என்னும் நச்சுயிரி நோய், எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான கூட்டு ஊசியை இப்போதே தொடங்கி, 4 மாத வயது முடியும்வரை 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். ஒரே ஊசியோடு நிறுத்தக் கூடாதா என்று பலர் கேட்கிறார்கள். தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி உடலில் இருக்கும்வரை ஊசி மருந்தை அதுவே முறித்துவிடும். அது எந்த வாரம் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடுவதால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். இரத்தக் கழிச்சலில் குட்டிகள் மடிவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். ஊசிகள் முடியும்வரை வெளிநாய்களோடு சேர விடாதீர்கள்.

வெறிநோய் ஊசி குட்டிக்கு 3 மாதம் நிறைந்ததும் முதல் முறை, ஒரு மாதம் கழித்து மறுமுறை, பிறகு ஆண்டுதோறும். கூட்டு ஊசியையும் ஓராண்டு கழித்து ஒருமுறை போடுங்கள். அதன்பின் எலிக்காய்ச்சலுக்கு மட்டும் ஆண்டுதோறும் தேவை. தானியமும் தீவனமும் உள்ள இடத்தில் எலி இல்லாமல் இருக்காது. மற்றவற்றுக்கு இடைவெளியை மருத்துவர் சொல்வார்.

மருந்தைக் கடையில் வாங்கி வெயிலில் வண்டியில் கொண்டுபோகாதீர்கள். 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சி கெட்டால் ஊசி போட்டும் பயனில்லை. நாயையே கால்நடை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆடுகளுக்கு ஆண்டுதோறும் துள்ளுமாரி ஊசி போடும் மாதத்திலேயே நாய்க்கும் போட்டு, அதே நோட்டில் தேதியைக் குறித்துவிடுங்கள்.

ஊசி போட்ட நாயே கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.