கலைப்பவர் ஒருவர், வெட்டுபவர் இன்னொருவர்: நண்பர்களுடன் இணையப் போக்கர், கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், நண்பர்களோடு இணையத்தில் போக்கர் ஆட எந்த மென்பொருள் பாதுகாப்பானது என்று கேட்டவை. டெக்சஸ் ஹோல்டெம் விதிகள் தெரிந்தவர்களுக்காகவே பதில் எழுதியிருக்கிறேன். பிளைண்டு என்றால் என்ன, ஃப்ளாப் என்றால் என்ன என்று கேட்டிருந்த இருவர் பொறுத்துக்கொள்ளவும். இங்குள்ள எல்லாப் பதில்களும் சில்லுகளை மட்டும் வைத்து ஆடுபவர்களுக்கானவை. பணம் பற்றிய ஒரே பதில் கீழே தனியாக இருக்கிறது.

ஆறு பேர், வாரம் ஒரு நாள் ஆடுகிறோம். கணினியில் நிறுவும் மென்பொருள் நல்லதா, பிரவுசரில் திறக்கும் மேசை நல்லதா?
*ஆர்.வி., கோயம்புத்தூர்*

ஆறு பேருக்குப் பிரவுசர் மேசையே போதும். ஆறு கணினிகளில் ஒரு மென்பொருளை நிறுவி, ஆறு பேரும் ஒழுங்காக அப்டேட் செய்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பது உங்களால் ஆகாத வேலை. போக்கர் நவ் போன்ற தளங்களில் ஒருவர் மேசையைத் திறந்து இணைப்பை அனுப்பினால், மற்றவர்கள் அதன் வழியாக வந்து இருக்கை கேட்கிறார்கள்; திறந்தவர் அனுமதிக்க வேண்டும். அந்த இணைப்பை நூறு பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். இருக்கை கேட்டு வரும் பெயர் நண்பருடையதாகவே இருந்தாலும், அவர் குரலைக் கேட்ட பிறகு அனுமதியுங்கள்.

மூல நிரலைப் படித்துப் பார்க்கக்கூடிய மென்பொருள்தான் வேண்டும் என்றால் போக்கர்டிஹெச் இருக்கிறது. சி பிளஸ் பிளஸில் எழுதப்பட்ட திறமூல மென்பொருள். ஒரு மேசையில் பத்துப் பேர் வரை ஆடலாம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஆட்டத்தை நடத்தும் கணினியான சர்வர் யார் கையில் இருக்கிறது?

முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் இருந்தால் போதுமல்லவா?
*கே.எஸ்., தஞ்சாவூர்*

போதாது. அந்தப் பூட்டு உங்களுக்கும் சர்வருக்கும் நடுவே ஒட்டுக்கேட்பவரைத் தடுக்குமே தவிர, சர்வரிலேயே உட்கார்ந்திருப்பவரை ஒன்றும் செய்யாது. இப்படிப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் குரோம் 2023இல் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது.

வீட்டில் சர்வர் ஓட்டினேன். ரவுட்டரில் போர்ட்டை (வெளியிலிருந்து இணைப்பு வரும் வாசலை) திறந்தும் நண்பர்கள் ஐந்து பேரால் இணைய முடியவில்லை. ஏன்?
*எம்., திருநெல்வேலி*

எந்த மென்பொருள், எந்த இணைய இணைப்பு என்று ஒரு சொல்லும் எழுதாமல் 'ஏன்' என்று மட்டும் கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் காரணம் இதுவாக இருக்கும்: இந்தியாவில் பல நிறுவனங்கள் வீட்டு இணைப்புக்குத் தனியான பொது ஐபி முகவரி தருவதில்லை, ஒரே முகவரியைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ரவுட்டரின் பக்கத்தில் வெளி முகவரி என்று காட்டுவது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் அதுதான் விஷயம். எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது.

ஒரு வகையில் நல்லதே நடந்திருக்கிறது. வீட்டு ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவைத்தால் உங்கள் நண்பர்கள் ஐந்து பேர் மட்டுமல்ல, உலகத்தில் போர்ட் தேடி அலையும் எந்திரங்கள் அத்தனையும் வந்து கதவைத் தட்டும். வயர்கார்டு அல்லது அதன் மேல் எழுந்த டெய்ல்ஸ்கேல் மூலம் ஆறு பேருக்கு மட்டுமான தனி வலையை அமைத்து, அதற்குள் சர்வரை ஓட்டுங்கள். வயர்கார்டு 2020 முதல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் சர்வரை நிறுத்துங்கள். நீங்கள் மறந்துவிடுவீர்கள் என்பது அனுபவத்தில் தெரியும் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

நேற்று ஆறு பேர் நூறு கைகள் ஆடியதில் என் மைத்துனருக்கு மூன்று முறை ஜோடி ஏஸ் வந்தது. மென்பொருளில் மோசடி இருக்கிறதா?
*பி.ஜி., சேலம்*

ஜோடி ஏஸ் ஏறத்தாழ 220 கைகளுக்கு ஒருமுறை வரும். நூறு கைகளில் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ வருவது நூற்றில் ஒன்று அளவு வாய்ப்பு. ஆனால் மேசையில் ஆறு பேர் இருந்தீர்கள். யாருக்கு வந்திருந்தாலும் இதே கடிதம் எனக்கு வந்திருக்கும். அப்படிக் கணக்கிட்டால், பதினைந்து பதினாறு இரவுகளுக்கு ஒருமுறை யாரோ ஒருவருக்கு இது நடக்கும். ஒரு இரவை வைத்து எதையும் சொல்ல முடியாது. சில ஆயிரம் கைகளின் பதிவைச் சேர்த்துவைத்துக்கொண்டு வாருங்கள், பேசலாம்.

எங்களில் ஒருவர் மென்பொருள் துறையில் இருக்கிறார். அவரே தன் மடிக்கணினியில் சர்வர் ஓட்டுகிறார், எங்களோடு ஆடவும் செய்கிறார். நல்லவர்தான். ஆனாலும் அவரே அதிகம் ஜெயிக்கிறார். இதில் என்ன செய்யலாம்?
*பெயர் வேண்டாம், மதுரை*

இந்தக் கேள்விக்காகவே நான் பல ஆண்டுகளாகப் புலம்பிக்கொண்டிருக்கிறேன்.

திண்ணையில் சீட்டாடும்போது, கலைத்தவர் சீட்டுக்கட்டைக் கீழே வைப்பார், பக்கத்தில் இருப்பவர் வெட்டுவார்; அதன் பிறகுதான் சீட்டுப் போடுவார்கள். கலைத்தவர்மீது சந்தேகம் என்று அதற்கு அர்த்தமில்லை. சந்தேகமே எழாமல் இருக்கத்தான் அந்த வழக்கம். அதே மனிதர்கள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும், கலைப்பதும் போடுவதும் மேசையைப் பார்த்துக்கொள்வதும் ஆடுவதும் எல்லாம் ஒரே ஆள் கையில் இருக்கட்டும் என்று எப்படி ஒப்புக்கொள்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சர்வரை ஓட்டுபவரால் எல்லாருடைய சீட்டையும் பார்க்க முடியும். அதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. 2020 ஊரடங்கில் நாங்கள் ஆடிய மேசையை ஒரு நண்பர் தானே எழுதி ஓட்டினார். ஒருநாள் வீடியோவில் கேமரா லேசாகத் திரும்பியபோது, அவருக்குப் பின்னால் இருந்த இரண்டாவது திரையில் ஒரு கறுப்புச் சாளரம் ஓடிக்கொண்டிருந்தது: இருக்கை ஒன்று, இஸ்பேட் ராஜா, டைமன் ஒன்பது, இருக்கை இரண்டு, ஆட்டின் ஏஸ், கிளாவர் நாலு. பிழை திருத்துவதற்காக வைத்த பதிவு, அணைக்க மறந்துவிட்டேன் என்றார். நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த மேசையில் அவர் பந்தயத்தை உயர்த்தும்போதெல்லாம் எல்லோரும் ஃபோல்டு செய்தோம். மூன்று வாரத்தில் ஆட்டமே நின்றுபோனது.

பெரிய நிறுவனங்களிலேயே இது நடந்திருக்கிறது. அப்சல்யூட் போக்கர், அல்டிமேட் பெட் ஆகிய இரண்டு தளங்களிலும் உள்ளிருந்தவர்கள் மற்றவர்களின் மூடிய சீட்டுகளைப் பார்த்து ஆடியது 2007, 2008 ஆண்டுகளில் வெளியே வந்தது. இரண்டாவது தளத்தில் மட்டும் திருப்பித் தர வேண்டியிருந்த தொகை சுமார் 2.2 கோடி டாலர். அங்கே சீட்டு நேர்மையாகத்தான் கலைக்கப்பட்டது. யாரும் கட்டைத் தொடவில்லை, எட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். கண்டுபிடித்தவர்களும் அதிகாரிகள் அல்லர். ஒருவர் இத்தனை சரியாக ஃபோல்டு செய்யவும் கால் செய்யவும் முடியாது என்று கணக்குப் போட்டுப் பார்த்த சக ஆட்டக்காரர்கள்.

சில மென்பொருள்கள், கையைத் தொடங்கும் முன் சீட்டு வரிசையின் ஹாஷை (வரிசையை மாற்றினால் காட்டிக்கொடுக்கும் கைரேகை போன்ற எண்ணை) வெளியிட்டுக் கடைசியில் வரிசையைக் காட்டுகின்றன. எல்லா ஆட்டக்காரர்களும் ஆளுக்கொரு எண் கொடுத்து, அவற்றைச் சேர்த்துக் கலைக்கும் முறையும் உண்டு; அது வெட்டுவதற்குச் சமம், எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஆனால் இவை இரண்டும், சீட்டுக்கட்டை யாரும் மாற்றவில்லை என்பதை மட்டுமே நிரூபிக்கும். எட்டிப் பார்ப்பதைத் தடுக்காது.

சர்வரே இல்லாமல் ஆட முடியுமா என்றால், முடியும். ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையைத் தந்த ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் 1979இலேயே வழி சொல்லிவிட்டார்கள். ஒவ்வொருவரும் 52 சீட்டுக்கும் தம் குறியாக்கப் பூட்டைப் போட்டுக் கலைத்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். பூட்டுகளை எந்த வரிசையிலும் கழற்றலாம் என்பதுதான் அதிலுள்ள சூட்சுமம். அவர்கள் சொன்ன முதல் வடிவத்தில் சிறு கசிவு இருந்தது, பின்னால் வந்தவர்கள் அடைத்தார்கள். நடைமுறையில் ஒருவருக்கு இணைப்பு அறுந்தால் அவருடைய பூட்டைத் திறக்க ஆளில்லாமல் மேசையே உறைந்து நிற்கும். எனவே வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்களுக்கு என் பதில்: சர்வர் ஓட்டுபவர் ஆடக்கூடாது, ஆடுபவர் சர்வர் ஓட்டக்கூடாது. நடத்துபவர் உங்கள் மேசையில் ஆடாத ஒரு தளத்தின் சர்வருக்கு மாறுங்கள். அது வேண்டாம் என்றால், வாடகைக்கு ஒரு சிறிய சர்வரை எடுத்து, ஆடாத ஒருவரிடம் அதன் கடவுச்சொல்லைக் கொடுத்து வையுங்கள். போக்கர்டிஹெச்சில் சர்வரை மட்டும் தனியாக ஓட்டும் நிரல் இருக்கிறது. அந்த நண்பர் நல்லவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இந்த மாற்றத்தை முதலில் வரவேற்பவரும் அவராகத்தான் இருப்பார்.

நண்பர் எழுதிய மேசை, மற்றவர் சீட்டை என் பிரவுசருக்கு அனுப்புகிறதா என்று எப்படிச் சோதிப்பது?
*டி.கே., யாழ்ப்பாணம்*

நல்ல கேள்வி. இரண்டு வெவ்வேறு பிரவுசர்களில் நீங்களே இரண்டு இருக்கைகளில் அமருங்கள். ஒன்றில் எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் வெப்சாக்கெட் இணைப்பைத் தேர்ந்தெடுத்து, சீட்டுப் போடச் சொல்லுங்கள். வரும் செய்திகளில் உங்கள் இரண்டு சீட்டுகள் மட்டும் இருக்க வேண்டும். திரையில் எதிராளியின் சீட்டு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாலும், செய்திக்குள் அதன் பெயர் வெளிப்படையாக இருந்தால், அல்லது ஃப்ளாப் வருவதற்கு முன்பே டர்ன், ரிவர் சீட்டுகள் இருந்தால், அந்த மேசையை அன்றே மூடுங்கள். தொடக்கநிலையில் எழுதுபவர்கள் தவறாமல் செய்யும் பிழை இது.

நானே ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிறேன். சீட்டுகளை மேத்.ரேண்டம் வைத்து சார்ட் செய்தால் கலைந்துவிடுகிறது. போதும்தானே?
*எஸ்.ஆர்., சென்னை*

இரண்டு தவறுகளை ஒரே வரியில் செய்திருக்கிறீர்கள். வரிசைப்படுத்தும் கட்டளையான சார்ட்டை வைத்துக் கலைத்தால் எல்லா வரிசைகளும் சமவாய்ப்பில் வராது. மேத்.ரேண்டம் தரும் எண்கள் ஊகிக்கக்கூடியவை, அது பாதுகாப்புக்காக எழுதப்பட்டதல்ல.

1999இல் ஏஎஸ்எஃப் என்ற நிறுவனம், தன் நேர்மையைக் காட்டுவதற்காகத் தன் போக்கர் மென்பொருள் சீட்டைக் கலைக்கும் நிரலை வெளியிட்டது. 52 சீட்டுகளை அடுக்கும் வழிகள் 8க்குப் பின் 67 சுழிகள் என்ற அளவில் இருக்க, அந்த நிரல் நள்ளிரவிலிருந்து கடந்த மில்லிவினாடிகளை விதையாக, அதாவது கலைப்பு முழுவதையும் தீர்மானிக்கும் தொடக்க எண்ணாகக் கொண்டது. ஒரு நாளில் 8.64 கோடி மில்லிவினாடிதான். சர்வரின் கடிகாரத்தோடு தம் கடிகாரத்தைப் பொருத்திய ஆய்வாளர்களுக்கு அதுவும் சுமார் இரண்டு லட்சமாகச் சுருங்கியது; கையிலுள்ள இரண்டு சீட்டும் ஃப்ளாப்பின் மூன்று சீட்டும் தெரிந்தவுடன் மீதிக் கட்டு முழுவதையும் அவர்கள் திரையில் பார்த்தார்கள்.

ஃபிஷர்-யேட்ஸ் முறையில் கலையுங்கள்; எண்களை கிரிப்டோ.கெட்ரேண்டம்வேல்யூஸ் வழியாக எடுங்கள். சர்வரிலேயே கலையுங்கள், பிரவுசரில் அல்ல. பிறகு அந்தச் சர்வர் யார் கையில் என்ற கேள்விக்கு வாருங்கள்.

அளவற்ற சில்லுகள் தரும் மாட் ஏபிகே (யாரோ மாற்றியமைத்த ஆண்ட்ராய்டு செயலி) ஒன்று டெலிகிராமில் கிடைத்தது. நிறுவலாமா?
*ஜெ., ஈரோடு*

கூடாது. சில்லுக்கு மதிப்பே இல்லாத ஆட்டத்தில் அளவற்ற சில்லு எதற்கு? 2015இல் ஈசெட் நிறுவனம் கண்டுபிடித்த ஓட்லானர் என்ற கெடுநிரல், போக்கர் ஆடுபவர்களின் திரையைப் படம்பிடித்து எதிராளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அது வந்த வழிகளில் ஒன்று, போக்கருக்கு உதவும் மென்பொருள் என்ற வேடம். நீங்கள் இந்த ஏபிகேயை நிறுவப்போகும் தொலைபேசியில்தான் உங்கள் வங்கிச் செயலியும் இருக்கிறது. சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள் என்று மேலே சொன்னதைத் திரும்பச் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் நண்பர்கள் நாலு பேர், ஆளுக்குப் பத்து வெள்ளி வைத்து இணையத்தில் ஆடலாமா? வீட்டில் ஆடலாம் என்று கேள்விப்பட்டேன்.
*ஏ.எம்., சிங்கப்பூர்*

கேள்விப்பட்டது பாதிதான் சரி. 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடும்பத்தாரும் நண்பர்களும் வீட்டில் நேரில் ஆடுவதற்குத்தான் சில நிபந்தனைகளோடு விலக்கு அளிக்கிறது. இணையத்தில் ஆடுவதற்கு அந்த விலக்கு இல்லை. இந்தியாவிலிருந்து இதையே கேட்ட மற்ற மூவருக்கும்: திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற வேறுபாடில்லாமல் இணையப் பண ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. பணம் வைத்து ஆட மென்பொருள் சொல்லுங்கள் என்று எனக்கு எழுதாதீர்கள்.

எங்கள் ஆறு பேரில் இரண்டு நண்பர்கள் தனியாக ஃபோனில் பேசிக்கொண்டே ஆடுகிறார்கள் என்று சந்தேகம். இன்னொருவர் பாட் (தானாகவே ஆடும் நிரல்) வைத்திருக்கிறார் போலும். தடுக்கும் மென்பொருள் உண்டா?
*வி.என்., திருச்சி*

இல்லை. ஆறு பேர் மேசையில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வெல்லும் புளூரிபஸ் என்ற நிரல் 2019இலேயே வந்துவிட்டது. உங்கள் நண்பர் அடுத்த சாளரத்தில் எதைத் திறந்து வைத்திருக்கிறார் என்பதை மேசை அறியாது. கைப் பதிவைச் சேமித்து, சந்தேகமுள்ள இருவரும் ஒருவர் பெட் போட்டால் மற்றவர் எப்போதும் ஒதுங்குகிறாரா என்று பாருங்கள். இல்லையெனில் அந்த இருவரையும் விட்டுவிட்டு நாலு பேராக ஆடுங்கள்.

ஆடும்போது வீடியோ அழைப்பு வைக்கலாமா?
*ஆர்., பெங்களூரு*

வைக்கலாம். திரையைப் பகிராதீர்கள், மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் திரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.