காலேஜ் ஃபுட்பாலில் சம்பளம்: வரிக் கணக்கு பார்க்கிறவனிடம் கேட்டவை

ஓஹையோ மாநிலம் கொலம்பஸில் இருக்கிறேன். வரிக் கணக்கு எழுதித் தருவது தொழில். சனிக்கிழமை ஆனால் காலேஜ் ஃபுட்பால் (நம்ம ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஃபுட்பால்) பார்க்கிற பழக்கம் இங்கே வந்த முதல் வருஷமே தொற்றிக்கொண்டது. 2021ல் வீரர்கள் காசு சம்பாதிக்கலாம் என்று ஆன பிறகு ஆடுகிற பையன்களே கணக்கு எழுத என் மேசைக்கு வர ஆரம்பித்தார்கள். அதனால் இதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய வந்துவிட்டது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, காலேஜ் பசங்க ஆடுற ஆட்டத்துல எங்கேயிருந்து இவ்வளவு காசு வருது? நம்ம ஊர்ல காலேஜ் மேட்சுக்கு நூறு பேர் வந்தாலே பெருசு.

எங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரம் வண்டி ஓட்டினால் ஆன் ஆர்பர். அங்கே மிஷிகன் பல்கலைக்கழக மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். அந்த மைதானம் நிரம்பும் தம்பி, மழையிலும் நிரம்பும். ஆனால் டிக்கெட்டை விடப் பெரிய காசு டிவியில்தான். 1984ல் ஓக்லஹோமா பல்கலைக்கழகம் தொடுத்த வழக்கில், டிவி ஒப்பந்தங்களை என்சிஏஏ என்கிற, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பு மட்டுமே கையில் வைத்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கப்புறம் கல்லூரிகள் சேர்ந்த லீக்குகள் தாமே விலை பேசின. 2022ல் பிக் டென் லீக் போட்ட ஒப்பந்தம் 7 வருஷத்துக்குச் சுமார் 700 கோடி டாலர்.

அந்தக் காசு கோச்சுக்குப் போனது, கட்டடத்துக்குப் போனது. 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்பியது. அனுப்பியதற்காக அவருக்குத் தர வேண்டியிருந்தது 7.5 கோடி டாலருக்கும் மேல். ஆடுகிற பையனுக்கு அப்போதும் படிப்புச் செலவும் சாப்பாடும் தங்கும் இடமும் கொஞ்சம் கைச்செலவும்தான் கல்லூரி நேராகக் கொடுத்தது.

அதே தம்பி: அப்போ பசங்களுக்கு மட்டும் ஏன் தரலை?

'ஸ்டூடன்ட்-அத்லெட்', அதாவது மாணவ வீரர், என்று ஒரு சொல் இருக்கிறதே, அதன் கதை தெரிந்தால் இது புரியும். 1955ல் கொலராடோவில் ஒரு சின்னக் கல்லூரிக்காக ஆடிய ரே டென்னிசன் என்பவர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். வேலையில் இறந்தவர் குடும்பத்துக்குத் தரும் நஷ்டஈடு எனக்கும் வேண்டும் என்று அவர் மனைவி கேட்டார். 1957ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் கிடையாது என்றது: கல்லூரி ஃபுட்பால் வியாபாரம் நடத்தவில்லை, அவர் ஊழியரும் இல்லை. இந்த மாதிரி வழக்குகளுக்குப் பயந்துதான் அந்தச் சொல்லையே உருவாக்கிப் பரப்பினோம் என்று, 1951 முதல் 1987 வரை என்சிஏஏவை நடத்திய வால்டர் பயர்ஸ் பின்னாளில் ஒப்புக்கொண்டார். மாணவன் என்று சொல்லிவிட்டால் சம்பளம் வேண்டாம், காப்பீடு வேண்டாம், கேள்வியும் வராது. ஐம்பது வருஷத்துக்கும் மேல் அந்தச் சொல் காப்பாற்றியது கல்லூரிகளை. அந்த விதவைக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது.

எங்கள் ஊர்க் கதை ஒன்றும் சொல்கிறேன். 2010 டிசம்பரில் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக வீரர்கள் ஐந்து பேருக்கு ஆளுக்கு ஐந்து ஆட்டம் தடை. செய்த குற்றம், தங்களுக்குக் கிடைத்த மோதிரம், ஜெர்சி மாதிரிப் பொருள்களை விற்றதும், பச்சை குத்துவதில் சலுகை வாங்கியதும். விஷயம் தெரிந்தும் மறைத்தார் என்று கோச் ஜிம் டிரெசல் அடுத்த மே மாதம் பதவி விலகினார். 2012ல் அணி 12க்கு 12 ஜெயித்தும் தண்டனையால் கடைசிப் பெரிய ஆட்டத்துக்குப் போக முடியவில்லை. அதே அணி 2025 ஜனவரியில் நோட்ர டேமை 34-23 என்று வென்று சாம்பியன் ஆனபோது, அந்த சீசனுக்கு வீரர்களுக்குப் போன தொகை ஏறத்தாழ 2 கோடி டாலர் என்று விளையாட்டுத் துறைத் தலைவரே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். நடுவில் பதினான்கு வருஷம்தான்.

கலிஃபோர்னியாவிலிருந்து ஒருவர்: எந்த இடத்தில் இது உடைந்தது? ஒரே நாளில் எல்லாம் மாறிய மாதிரி இருக்கிறதே.

மாறுவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனது சார். முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபானன், ஒரு வீடியோ கேமில் தன்னைப் போலவே ஒரு ஆள், தன் நம்பருடன், ஆடுவதைப் பார்த்தார். தனக்கு ஒரு பைசா வரவில்லை. 2009ல் வழக்குப் போட்டார், 2014ல் நீதிபதி கிளாடியா வில்கன் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அதே கம்பெனியின் காலேஜ் ஃபுட்பால் கேம் வருவதும் நின்று போய், 2024 ஜூலையில்தான் திரும்பி வந்தது. இந்த முறை சம்மதித்த வீரர்களுக்கு 600 டாலரும் கேமும்.

2019ல் உங்கள் கலிஃபோர்னியாதான் முதலில் சட்டம் போட்டது, வீரன் தன் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று. 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்கு படிப்பு சம்பந்தமான சலுகைகளைப் பற்றியதுதான், ஆனால் நீதிபதி கேவனா தனியாக எழுதிய குறிப்பு இன்னும் தூரம் போனது: தொழிலாளிக்கு நியாயக் கூலி தராததே எங்கள் சரக்கின் சிறப்பு என்று அமெரிக்காவில் வேறு எந்த வியாபாரமும் சொல்லித் தப்ப முடியாது என்கிற பொருளில். பத்தே நாளில், ஜூலை 1 அன்று, பெயரை வைத்துச் சம்பாதிக்க எல்லா வீரர்களுக்கும் கதவு திறந்தது. அதைத்தான் என்ஐஎல் (நேம், இமேஜ், லைக்னெஸ்: பெயர், உருவம், சாயல்) என்கிறார்கள்.

திறந்த வேகத்தில் யாரும் விதி எழுதவில்லை. பழைய மாணவர்களில் பணக்காரர்கள் சேர்ந்து 'கலெக்டிவ்' என்று குழு அமைத்தார்கள். விளம்பரக் காசு என்ற பெயரில் அது வீரனை அணிக்கு இழுக்கும் காசாக மாறியது.

மிஷிகனிலிருந்து ஒருவர்: 2025ல் ஏதோ செட்டில்மென்ட் வந்ததே, அதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அதே நீதிபதி வில்கன்தான். அரிசோனா ஸ்டேட் நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ் பெயரில் இருந்த வழக்கு, 2025 ஜூன் 6 அன்று சமரசத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. முன்பு ஆடியவர்களுக்கு 10 வருஷத்தில் சுமார் 280 கோடி டாலர். இனி ஆடுபவர்களுக்குக் கல்லூரியே நேரடியாகக் கொடுக்கலாம், முதல் வருஷம் ஒரு கல்லூரிக்கு 2.05 கோடி டாலர் வரை. இது எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து உள்ள உச்சவரம்பு. ஃபுட்பால் பெரிதாக இருக்கும் இடங்களில் முக்கால் பங்கு போல அதற்கே போகிறது.

வெளியே விளம்பரம் செய்து வாங்கும் காசு இந்த வரம்பில் சேராது. 600 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை ஒரு புது ஆணையத்திடம் காட்ட வேண்டும், உண்மையான வியாபாரம்தானா, தொகை நியாயமா என்று பார்ப்பார்கள். கார் கம்பெனி விளம்பரத்துக்கும் அணிக்கு இழுக்கிற காசுக்கும் நடுவில் கோடு போடப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. காசு தர ஆசைப்படுகிறவனும் வாங்க ஆசைப்படுகிறவனும் ஒரே பக்கம் நிற்கும்போது நடுவில் நிற்கிறவரால் எத்தனை நாள் தாங்க முடியும்?

டெனசியிலிருந்து ஒருவர்: பசங்களுக்கு இப்ப விசுவாசமே இல்லை. காசு அதிகம் என்றால் அடுத்த அணி. ஆட்டமே கெட்டுப் போச்சு என்று சொன்னால் தப்பா?

நீங்கள் யாரை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. நிக்கோ யமலியாவா. சுமார் 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் என்று பேசப்பட்டு உங்கள் ஊருக்கு வந்த குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்), 2025 ஏப்ரலில் சம்பளப் பேச்சு முறிந்து யுசிஎல்ஏவுக்குப் போனார். அணியை விட்டு வேறு கல்லூரிக்குப் போக விரும்புகிறவர்களின் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018ல் வந்தது. முன்பெல்லாம் ஃபுட்பாலில் மாறினால் ஒரு வருஷம் சும்மா உட்கார வேண்டும். 2021ல் ஒரு முறை மட்டும் அது வேண்டாம் என்றார்கள், 2024ல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆகிவிட்டது. காசும் இந்தச் சுதந்திரமும் ஒரே நேரத்தில் வந்ததுதான் ஆட்டத்தைப் புரட்டிப் போட்டது, காசு மட்டும் இல்லை.

உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஒரு பையன் முதல் வருஷம் தடுமாறி, மூன்றாம் வருஷம் நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கிற சந்தோஷம் குறைந்து வருகிறது. ஆனால் கோச்கள் ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டு அடுத்த ஊருக்குப் போனபோது நாம் அதைத் தொழில் முன்னேற்றம் என்றோம். பத்தொன்பது வயதுப் பையன் செய்தால் மட்டும் துரோகம் என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 2024 செப்டம்பரில் லாஸ் வேகஸ் பல்கலைக்கழக குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூகா மூன்று ஆட்டம் ஜெயித்துக் கொடுத்த பிறகு விலகினார். ஒரு லட்சம் டாலர் தருவதாக வாய்ப்பேச்சில் சொன்னதைத் தரவில்லை என்றது அவர் தரப்பு, அப்படி ஒப்பந்தமே இல்லை என்றது கல்லூரி. எழுத்தில் இல்லாத வாக்குதான் அங்கே சிக்கல்.

ஆட்டம் கெட்டதா என்பதற்கு இண்டியானாவைப் பாருங்கள். காலங்காலமாகத் தோற்ற அணி, மைதானம் பாதி காலியாகக் கிடக்கும் அணி. கோச் கர்ட் சிக்னெட்டி வந்தார், போர்ட்டலில் ஆள் தேடினார், கலிஃபோர்னியாவிலிருந்து ஃபெர்னாண்டோ மெண்டோசா வந்தார், வருஷத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார், 2026 ஜனவரியில் மயாமியை 27-21 என்று வென்று ஒரு தோல்வியும் இல்லாமல் சாம்பியன். பழைய முறையில் இது நடந்திருக்கவே நடந்திருக்காது. அந்த இரவு நான் தூங்கவில்லை, இத்தனைக்கும் அது என் அணி இல்லை.

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு அம்மா: என் பையன் பதினோராம் வகுப்பு, பள்ளி அணியில் ஆடுகிறான். ஏஜென்ட் என்று ஒருவர் போன் செய்கிறார். எதைப் பார்த்து நடக்க வேண்டும் அண்ணா?

அக்கா, இதற்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

இரண்டு வருஷம் முன்னால், ஏப்ரல் முதல் வாரம், ஒரு பையன் என்னிடம் வந்தான். ஆறடி நாலங்குலம், என் நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் மடித்து மடித்து நைந்துபோன 1099 படிவங்கள் மூன்று. வந்த பணத்தில் அம்மாவுக்குக் கார் வாங்கியிருந்தான், தங்கச்சிக்குப் பல்லுக்குக் கம்பி போட்டிருந்தான், பாட்டி வீட்டு வாடகை பாக்கியை அடைத்திருந்தான். ஒன்றுகூட வீண்செலவு இல்லை. ஆனால் வரிக்கு என்று ஒரு டாலர் எடுத்து வைக்கவில்லை, வைக்க வேண்டும் என்று அவனிடம் யாரும் சொல்லவும் இல்லை. 1099 என்றால் நீ யாருக்கும் ஊழியன் இல்லை, சொந்தத் தொழில் செய்கிறவன் என்று அர்த்தம். வருமான வரிக்கு மேல் சுயதொழில் வரி 15.3 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீயே கட்ட வேண்டும். தொகையைச் சொன்னதும் அவன் பேசவே இல்லை. படிவத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான், அப்புறம் "காரைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வருமா சார்?" என்று கேட்டான். தவணை முறைக்கு எழுதிப் போட்டுச் சரிசெய்தோம், கார் தப்பியது. ஏஜென்ட் மட்டும் தன் 20 சதவீதத்தை முதலிலேயே எடுத்துக்கொண்டிருந்தார்.

அதனால் அக்கா, தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லில் வீரனின் ஒப்பந்தத்தில் ஏஜென்ட் 3 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று வீரர் சங்கம் விதி வைத்திருக்கிறது, காலேஜில் அப்படி ஒரு சங்கமே இல்லை. 10, 20 என்று கேட்டால் ஏன் என்று கேளுங்கள். ஒப்பந்தம் எத்தனை வருஷம், அவன் அடிபட்டால் காசு நிற்குமா, அணி மாறினால் வாங்கியதைத் திருப்ப வேண்டுமா, காலேஜ் முடிந்த பிறகும் அவன் பெயர் அவர்களிடம் இருக்குமா, இந்த நாலுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். பள்ளியில் இருக்கும்போதே சம்பாதிக்கலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு, பள்ளியில் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். வந்த காசில் மூன்றில் ஒரு பங்கு தனிக் கணக்கில் போகட்டும். மீதியில் அவன் உங்களுக்கு ஏதாவது வாங்கித் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

எஃப்-1 விசாவில் இருக்கிற ஒரு மாணவர்: வெளிநாட்டு மாணவன் அணியில் இருந்தால் வாங்கலாமா?

மாணவர் விசாவில் இங்கே வேலை செய்ய உள்ள கட்டுப்பாடு இதிலும் குறுக்கே நிற்கிறது. தன் நாட்டுக்குப் போய் அங்கே விளம்பரம் எடுத்தவர்கள் உண்டு. குடியேற்ற வக்கீலைப் பார்க்காமல் ஒரு டாலர் வாங்காதீர்கள், விசா போனால் படிப்பும் போகும்.

சியாட்டிலிலிருந்து ஒரு அப்பா: என் மகள் நீச்சல். ஃபுட்பாலுக்குக் காசு போகப் போக அவள் இடம் என்ன ஆகும்?

எனக்கு மிகவும் கவலை தரும் கேள்வி இதுதான். பெரும்பாலான கல்லூரிகளில் நீச்சல், தடகளம், டென்னிஸ் எல்லாம் ஃபுட்பால் வருமானத்தில் ஓடியவை. கலிஃபோர்னியாவில் கால் பாலி என்ற பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் நீச்சல் அணியையே மூடியது, இந்தச் சமரசத்தால் வரப்போகும் செலவையும் ஒரு காரணமாகச் சொன்னது. ஆண் பெண் பேதம் காட்டக் கூடாது என்ற 1972ஆம் வருஷச் சட்டம், டைட்டில் நைன், இந்தப் பங்கீட்டுக்குப் பொருந்துமா என்பதில் சண்டை நடக்கிறது. முன்பு ஆடியவர்களுக்கான சமரசத் தொகையில் பெண்களுக்கு மிகக் குறைவு என்று சில வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தார்கள், அவர்கள் கேட்டது நியாயம் என்றுதான் நினைக்கிறேன்.

ஃபுட்பாலுக்குள்ளேயும் இழப்பு உண்டு. முன்பு 85 பேருக்கு உதவித்தொகை, அதற்கு மேல் சொந்தச் செலவில் வந்து பயிற்சி எடுக்கும் 'வாக்-ஆன்' பையன்கள். இப்போது அணிக்கு 105 பேர் என்று வரம்பு. மழையில் நின்று மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு நாலாம் வருஷம் இரண்டு நிமிஷம் களத்தில் இறங்கும் பையனுக்கு இடம் சுருங்கிவிட்டது.

மகள் கல்லூரி தேடும்போது அந்த அணி போன ஐந்து வருஷத்தில் எத்தனை கோச் மாறியது, உதவித்தொகை எத்தனை பேருக்கு, அணியை மூடினால் உதவித்தொகையைப் படிப்பு முடியும் வரை தருவார்களா என்று நேராகக் கேளுங்கள் சார்.

கொலம்பஸிலேயே ஒருவர்: கடைசியில் இவர்கள் ஊழியர்களா, மாணவர்களா?

2014ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வீரர்கள் தொழிற்சங்கம் அமைக்கப் போராடி ஒரு படி ஜெயித்தார்கள், 2015ல் தேசிய தொழிலாளர் வாரியம் இதில் தலையிட மாட்டோம் என்றது. 2024ல் டார்ட்மத் கூடைப்பந்து அணி 13-2 என்று சங்கத்துக்கு ஓட்டுப் போட்டது, வருஷக் கடைசியில் மனுவைத் திரும்பப் பெற்றது. அதே 2024ல் ஃபிலடெல்ஃபியா மேல்முறையீட்டு நீதிமன்றம், மாணவ வீரர்கள் ஊழியர்களாகவும் இருக்கலாம் என்று வாசலைத் திறந்து வைத்தது. கல்லூரிகள் வாஷிங்டனில் போய் ஊழியர் இல்லை என்று சட்டம் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கின்றன.

என் கருத்தைக் கேட்டால், ஊழியர்கள்தான். காலை ஐந்தரைக்கு எங்கே இருக்க வேண்டும், என்ன சாப்பிட வேண்டும், என்ன எடை இருக்க வேண்டும் என்று ஒருவர் சொல்லி இன்னொருவர் கேட்டு, அதற்குக் காசும் கைமாறினால் அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியாது. சங்கம் வந்தால் நிரந்தர ஒப்பந்தம் வரும், மாறுவதற்கும் ஒழுங்கு வரும், டெனசி நண்பர் கேட்ட பிரச்சினைக்கும் அங்கேதான் தீர்வு. முக்கியமாக, தலையில் அடிபட்டால் யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்கும். டென்னிசன் மனைவி அன்று கேட்டது அதைத்தான்.

மார்ச் மாதம் மேசை நிரம்பிவிடும். வரிக் கேள்வி இருப்பவர்கள் ஜனவரியிலேயே 1099 கையில் வந்ததும் கேளுங்கள்.