வாசகர் கேள்விகள்: வகுப்புரிமையும் செய்தித்தாள்களும்

கேள்வி: இடஒதுக்கீடு என்பது சுதந்திரத்துக்குப் பிறகு வாக்குக்காகக் கொடுக்கப்பட்ட சலுகை என்று தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் ஒருவர் பேசினார். அது சரியா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: சரியல்ல. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சியிலேயே, 1921-இல், அரசுப் பணிகளைச் சாதி, மத வகுப்புகளுக்குப் பங்கிடும் வகுப்புவாரி அரசாணை வந்துவிட்டது. ஏட்டளவில் கிடந்த அதை 1928-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர், சுப்பராயன் அமைச்சரவையில் இருந்த எஸ். முத்தையா முதலியார். காலியாகும் 12 பணியிடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1 என்று அது பங்கிட்டது. எவரையும் அது வெளியே தள்ளவில்லை. ஆனால் சமூகத்தின் அடித்தட்டில் இருந்தவர்களுக்குப் பன்னிரண்டில் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1947-இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 12 இடங்களாக இருந்த அந்தச் சுற்று 14 இடங்களாக விரிந்தபோதுதான் அவர்களுக்கு 2 இடங்களும், பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குத் தனியே 2 இடங்களும் வந்தன.

வாக்குக்காக என்ற வாதமும் நிற்காது. 1928-இல் சொத்தும் வரி கட்டும் வசதியும் இருந்தவர்களுக்கே பெரும்பாலும் வாக்குரிமை இருந்தது; அந்த ஒரு பணியிடத்துக்கு உரிய மக்களில் மிகப் பெரும்பாலோர் வாக்குச்சாவடியையே பார்த்திராதவர்கள்.

குடியரசான பிறகு இந்த வகுப்புவாரி முறை வழக்குக்கு உள்ளானது. செண்பகம் துரைராஜன் வழக்கில், கல்லூரிச் சேர்க்கைக்கான வகுப்புவாரி ஆணை செல்லாது என்று 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவக் கல்லூரியில் தமக்கு இடம் கிடைக்காது என்று வழக்குத் தொடுத்த மனுதாரர் அதற்கு விண்ணப்பிக்கவே இல்லை என்ற தகவல் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. தமிழகம் கொந்தளித்தது, பெரியார் போராட்டத்தில் இறங்கினார். ஜூன் மாதத்திலேயே அரசமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அரசு சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) என்ற பிரிவு சேர்ந்தது. இவ்வளவு வரலாற்றையும் ‘சலுகை’ என்று ஒருவர் சுருக்கும்போது நெறியாளர் குறுக்கிட்டுத் திருத்தியிருக்க வேண்டும். அது அவருடைய கடமை.

கேள்வி: ஒடுக்கப்பட்ட மக்கள் அந்தக் காலத்தில் சொந்தமாகப் பத்திரிகை நடத்தினார்களா?
– வாசகி, வேலூர்

பதில்: நடத்தினார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். பிரிட்டிஷ் ஆட்சியின் உயர் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அப்படி நடந்தால் ஆதிக்க சாதியினரே அதிகாரிகளாக வந்து தம் மக்களை மேலும் நசுக்குவார்கள் என்று எதிர்ப்புத் தெரிவித்தவர் அவர். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ மறு ஆண்டே ‘தமிழன்’ ஆயிற்று. 1914-இல் மறையும் வரை அதில் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். பெரியாரின் ‘குடி அரசு’ இதழ் வருவதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முந்தைய முயற்சி இது. தமிழ் இதழியல் வரலாற்றை எழுதியவர்கள் இவ்விருவரையும் நெடுங்காலம் ஓரத்திலேயே நிறுத்தி வைத்தது பெரும் அநீதி என்று கருதுகிறேன்.

கேள்வி: இன்றைய செய்தி நிறுவனங்களில் நிலைமை மாறியிருக்கிறதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: போதிய அளவுக்கு மாறவில்லை. டெல்லியிலிருந்து இயங்கும் 37 ஆங்கில, இந்தி ஊடகங்களில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருந்த 315 பேரை 2006-இல் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். அவர்களில் தலித்தோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனமும் நியூஸ்லாண்ட்ரி செய்தித் தளமும் 2019-இல் வெளியிட்ட அறிக்கையிலும் ஊடகத் தலைமைப் பொறுப்புகள் 121-இல் 106 உயர் சாதியினரிடமே இருந்தன. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அப்போதும் இல்லை.

இதன் விளைவு செய்தியில் தெரியும். வட்டார நிருபர் ஒரு தாக்குதலைப் பற்றி அனுப்பும்போது, தகராறு யாருடைய நிலத்தில் தொடங்கியது, எந்தத் தெருவுக்குள் யார் புகுந்தார்கள், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானதா என்றெல்லாம் எழுதுகிறார். பக்கத்தில் இடமில்லை என்று அதைச் சுருக்குகிறவர்கள் முதலில் வெட்டுவது இந்த விவரங்களைத்தான். காயமடைந்தவர்களின் எண்ணிக்கையும் காவல் துறை விசாரிக்கிறது என்ற வரியும் மட்டும் அச்சேறுகின்றன. வெட்டுகிறவர் கெட்ட எண்ணத்தோடு செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தெருவில் வாழ்ந்த ஒருவர் ஆசிரியர் குழுவில் இருந்தால் எந்த வரியைக் காப்பாற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

கேள்வி: சாதியைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தால் சாதி உணர்வு வளராதா?
– வாசகி, சிவகாசி

பதில்: மதுரை, விருதுநகர் மாவட்டங்களில் உள்ள பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பால் பத்தாண்டுகள் அங்கே பெரும்பாலும் எவரும் போட்டியிட முடியவில்லை. போட்டியிட்டு வென்றாலும் உடனே பதவி விலக வைக்கப்பட்டார்கள். இதைச் சாதியின் பெயரைத் தவிர்த்துவிட்டு எப்படி எழுதுவது? ‘வேட்புமனு வரவில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது நிர்வாகச் செய்தியாகவே முடிந்திருக்கும். காரணத்தைப் பெயர் சொல்லி எழுதியவர்களும், விடாமல் போராடிய இயக்கங்களும் தந்த அழுத்தத்தால் அரசு அக்கறை காட்ட வேண்டியதாயிற்று. 2006-இல் நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்து, வென்றவர்கள் பதவியேற்றார்கள்.