பெயிண்ட் பூத் (வண்டிக்குப் பெயிண்ட் ஸ்ப்ரே அடிக்கிற மூடின அறை) பராமரிப்பு: கேட்டதும் பதிலும்

கேள்வி: போன வாரம்தான் சீலிங் ஃபில்டர் புதுசா மாட்டினோம் அண்ணா. கிளியர் கோட்ல (கலர் மேல அடிக்கிற நிறமில்லாத பூச்சு) இன்னும் தூசி விழுது. ஃபில்டர் டூப்ளிகேட்டா இருக்குமா?

பதில்: ஃபில்டர் மேல பழி போடறதுக்கு முன்னாடி, விழுந்தது என்ன தூசின்னு பாருங்க தம்பி. கிளியர் காஞ்சதும் அந்தப் புள்ளியை 2000 கிரிட் பேப்பரால லேசா தேய்ச்சு, லென்ஸ் வெச்சுப் பாருங்க. நூல் மாதிரி சுருண்டு கிடந்தா துணி: போட்டிருக்கிற சட்டை, இல்லைன்னா துடைச்ச காட்டன் வேஸ்ட். உருண்டையா, முந்தின வண்டி கலர்ல இருந்தா சுவர்லயோ தரைக் கம்பி வலை கிரேட்டிங்லயோ காஞ்சு கிடந்த ஓவர்ஸ்ப்ரே (வண்டில ஒட்டாமப் பறந்த பெயிண்ட்). சாம்பல் மாவு மாதிரி இருந்தா பிரைமர் தேய்ச்ச பொடி. வீல் ஆர்ச்சுலயும் பானெட் இடுக்குலயும் ஒளிஞ்சிருந்து, கன் காத்து பட்டதும் பறக்கும். வண்டியை ஊதற வேலை பூத்துக்கு வெளியவே முடிஞ்சிடணும்.

இது எதுவும் இல்லைன்னாதான் ஃபில்டர். அப்பவும் பெரும்பாலும் ஓரம்தான் தப்பு. ஃப்ரேம்ல விரல் நுழையற இடைவெளி ஒண்ணு இருந்தா போதும், காத்து அந்த வழியாத்தான் வரும். வலை ஒட்டின பக்கம் கீழ பார்த்து இருக்கான்னும் பாருங்க.

கேள்வி: எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபில்டர் மாத்தணும் சார்?

பதில்: தரை ஃபில்டருக்குப் பொதுவா 80 முதல் 100 மணி நேரம், சீலிங்குக்கு 1000 மணி நேரத்தை ஒட்டின்னு சொல்வாங்க. அது குத்துமதிப்பு. புது ஃபில்டர் போட்ட அன்னைக்கே மேனோமீட்டர் (ஃபில்டருக்கு முன்னாடியும் பின்னாடியும் உள்ள காத்தழுத்த வித்தியாசத்தைக் காட்டற மீட்டர்) காட்டற அளவைப் பக்கத்துல மார்க்கர்ல எழுதி வைங்க. ஃபில்டர் கம்பெனி வேற அளவு சொல்லலைன்னா, தரை ஃபில்டர் அதைவிட 60 பாஸ்கல் (கால் இஞ்ச் நீர்மட்டம்) கூடினதும் மாத்துங்க. இன்டேக்ல (வெளிக்காத்து உள்ள நுழையற வாய்) இருக்கிற ப்ரீஃபில்டரை அடிக்கடி மாத்தினா, விலை கூடின சீலிங் ஃபில்டர் நாள்பட வரும். எதையும் தட்டித் தூசி போக்கித் திரும்பப் போடாதீங்க. இழை உடைஞ்சு, அந்த இழையே தூசியா விழும்.

கேள்வி: கதவைத் திறந்தா வெளித் தூசி உள்ள வருது.

பதில்: காத்தை உள்ள தள்ள (சப்ளை) ஒண்ணு, வெளிய இழுக்க (எக்ஸாஸ்ட்) ஒண்ணுன்னு இரண்டு ஃபேன் பூத்தா? கதவை ஒரு விரல்கடை திறந்து டிஷ்யூ கீற்று பிடிங்க. மெல்ல வெளிய சாஞ்சா சரி. உள்ள இழுத்தா சப்ளை காத்து குறைவு: இன்டேக் அடைச்சிருக்கும், இல்லைன்னா பெல்ட் தளர்ந்திருக்கும். பலமா வெளிய தள்ளி, உள்ள ஓவர்ஸ்ப்ரே புகை மாதிரி மிதந்தா தரை ஃபில்டர் அடைச்சிருக்கு.

கேள்வி: சுவர்ல ஓவர்ஸ்ப்ரே தடியா ஏறிடுச்சு. பிளேடு போட்டுச் சுரண்டலாமா?

பதில்: இரும்பு வேண்டாம், பொறி பறக்கும். பிளாஸ்டிக் இல்லைன்னா பித்தளை ஸ்க்ரேப்பர். தின்னரை வாளில ஊத்திக் கழுவறது அதைவிட மோசம், ஆவி பூத் முழுக்க நிக்கும். சுத்தமானதும் சுவர்ல உரிச்சு எடுக்கக்கூடிய பூச்சு அடிச்சிடுங்க. அடுத்த முறை தோல் மாதிரி உரிஞ்சு வரும்.

கேள்வி: கழட்டின ஃபில்டரைக் குப்பைல போடலாமா?

பதில்: சும்மா குவிச்சு வெக்காதீங்க. எண்ணெய் எனாமல், நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட் ஏறின ஃபில்டர் தானாவே சூடாகித் தீப்பிடிக்கும். தண்ணில நனைச்சு, மூடியுள்ள இரும்பு டப்பால போட்டு அன்னைக்கே வெளிய எடுத்துடணும். அப்புறம் அபாயக் கழிவாத்தான் போகணும். கழட்டும்போது மாஸ்க், கையுறை கட்டாயம். ஓவர்ஸ்ப்ரேல காயாத ஐசோசயனேட் (ஹார்டனர்ல இருக்கிற, மூச்சுக்குக் கெடுதலான கெமிக்கல்) இருக்கலாம்.

கேள்வி: எக்ஸாஸ்ட் ஃபேன் அதிருது.

பதில்: பிளேடுல பெயிண்ட் ஏறி பேலன்ஸ் போயிருக்கும். மெயினை அணைச்சு, பூட்டுப் போட்ட பிறகு எல்லா பிளேடையும் சமமா சுரண்டுங்க. ஒண்ணை மட்டும் சுத்தம் பண்ணினா அதிர்வு கூடும். பெயிண்ட் ஃபேன் வரை வந்திருக்குன்னா தரை ஃபில்டர் ஓரம் கசியுது, அதையும் அடைங்க.

கேள்வி: ஃபிஷ் ஐ (பெயிண்ட்ல விழற சின்ன வட்டக் குழி) வருது, பூத் கழுவியும் போகலை.

பதில்: சிலிகான் இல்லைன்னா எண்ணெய். துடைச்ச கண்ணாடி மேல ஏர் ஹோஸை ஒரு நிமிஷம் ஊதுங்க. எண்ணெய்ப் படலம் தெரிஞ்சா கம்ப்ரசர், செப்பரேட்டர் (காத்துல இருந்து எண்ணெய், தண்ணி பிரிக்கிறது) பக்கம் போங்க, டேங்கைத் தினமும் டிரெயின் பண்ணுங்க. கண்ணாடி சுத்தமா இருந்தா, பக்கத்துல யார் டயர் பாலிஷ், டாஷ்போர்டு ஸ்ப்ரே அடிக்கிறாங்கன்னு பாருங்க. அந்த டப்பாவை இன்டேக் பக்கமே விடக்கூடாது.